கதவில் தொங்கிய பை

தூத்துக்குடியில் ஒரு மாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடியில் பியூலாவும் அவளுடைய கைக்குழந்தையும் மட்டும்தான். புருஷன் கப்பலில். சிக்னல் கிடைத்தால் பேசுவான். கிடைக்காத நாட்களில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்தான் வீட்டில் பேச்சு. எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. அவளுக்கு ஒரே பயம்: எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை பக்கத்தில் கிடந்து அழுதுகொண்டே இருக்குமே, யாருக்குத் தெரியும்?

சமைக்க நேரம் வாய்ப்பதில்லை. மாவு பாக்கெட், பால் பாக்கெட், தயிர் டப்பா, ஓட்டல் சாம்பார் கவர் என்று வீட்டில் சாப்பாட்டைவிட பிளாஸ்டிக் அதிகம். ஆனால் கான்வென்ட் ஹாஸ்டலில் சிஸ்டர்கள் பழக்கிய கை அது. ஒவ்வொரு கவரையும் சோப்பு போட்டுக் கழுவி, பிள்ளைத் துணிகளுக்குப் பக்கத்தில் கொடியில் க்ளிப் மாட்டிக் காயப்போடுவாள்.

புதன்கிழமைகளில் மக்காத குப்பை எடுக்க பேச்சியம்மாள் வருவாள். முதல் தடவை பெல் அடித்ததில் பிள்ளை வீறிட்டுவிட்டது. அன்றைக்கே ஓர் ஒப்பந்தம்.

"அக்கா, பையைக் கதவுக் கைப்பிடியில மாட்டிடுறேன். சத்தமில்லாம எடுத்துக்கோங்க. பை இல்லன்னா மட்டும் தட்டுங்க."

"சரி தாயி. பை தொங்குனா தட்டவே மாட்டேன், போதுமா?" பைக்குள் பார்த்துச் சிரித்தாள் பேச்சியம்மாள். "எங்க வீட்டுத் தட்டுகூட இம்புட்டுச் சுத்தம் கெடையாது. இதுல சோறு போட்டுத் திங்கலாம் போலிருக்கே!"

அந்த வாரம் பியூலாவிடம் நேரில் பேசியவள் அவள் ஒருத்திதான். ஒப்பந்தத்துக்குப் பிறகு அதுவும் போயிற்று. புதன்கிழமைகளில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். திறக்கக் கூச்சம்.

ஒரு வாரம், மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. ஞாயிறன்று தொடங்கியது, இறங்கவில்லை. கொடியில் க்ளிப்புகள் மட்டும் காற்றில் ஆடின. போன் சார்ஜ் இல்லாமல் எங்கோ கிடந்தது. புதன் காலை, அழுது ஓய்ந்த பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்தது. பேச்சியம்மாள் தட்டினால் எழுந்துவிடுமே என்று பியூலா சுவரைப் பிடித்துப் போய், சமையல் மேடையில் கிடந்ததையெல்லாம் பையில் வாரிப் போட்டு, கைப்பிடியில் மாட்டினாள். தாழ்ப்பாள் போடத் தெம்பில்லை. கூடத்திலேயே சரிந்தாள். கூப்பிடக் குரல் வரவில்லை.

படியில் செருப்புச் சத்தம். பை கழன்றது. இனி இறங்கிப் போகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கதவு தடதடத்தது.

"தாயி! ஏ தாயி!"

பை தொங்கத்தான் செய்தது. பிள்ளை தூங்கியது. பியூலா முனகக்கூட இல்லை. அப்படியிருக்க, கொடுத்த வாக்கை மீறிப் பேச்சியம்மாள் ஏன் தட்டினாள்? அவள் செய்தது சரியா?

விடை: பையில் புளித்த மாவு வாடை அடித்தது, அடியிலிருந்து பால் சொட்டியது. கழுவாத கவரைத் தெருவே கொடுக்கிறது, அதற்காக அவள் எந்தக் கதவையும் தட்டியதில்லை. இந்த வீட்டுப் பை ஒருநாளும் நாறியதில்லை. தட்டியது சரிதான், பேச்சு பிள்ளையின் தூக்கத்துக்காகத்தானே; வீட்டில் ஏதோ சரியில்லை என்று பையே சொன்ன பிறகு அது செல்லாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேச்சியம்மாள் திட்டினாள்: "கூறுகெட்ட பிள்ள! பைய மாட்டாம விட்டிருந்தா நானே தட்டியிருப்பேன்ல?"

அது பியூலாவுக்குத் தோன்றவே இல்லை.