பாசிக் கஞ்சியும் நடுங்கிய சங்கும்

திரைவாய்ப் பட்டினத்தை ஆண்ட செண்பகராயருக்கு நல்ல மனசு, நல்ல பசி. அளவு என்ற ஒன்றுதான் அவருக்கு ஆகாது.

ஒருமுறை அவர் கழுத்தில் கழலை வீங்கியது. அரண்மனை வைத்தியர் மருதவாணர், துறைமுகத்து அழுக்கு அண்டாத பாறையில் பறித்த கடற்பாசியைப் பொடித்து, தினம் ஒரு சிட்டிகை கஞ்சியில் போட்டுக் கொடுத்தார். மெல்ல மெல்லக் கழலை வற்றியது. ராயருக்குப் பூரிப்பு. சிட்டிகைக்கே இவ்வளவு பலன் என்றால் சட்டி சட்டியாகத் தின்றால் என்ன என்று யோசித்தார். அன்று முதல் மூன்று வேளையும் பாசிக் கஞ்சி, பாசித் துவையல்.

கொஞ்ச நாளில் நெஞ்சு படபடத்தது. தூக்கம் போயிற்று. கை நடுங்கி, குடித்த மோரில் பாதி மீசைக்குப் போயிற்று.

"பாசியைக் குறையுங்கள் மகாராஜா. அதுதான் படுத்துகிறது," என்றார் மருதவாணர்.

"குணமாக்கின மருந்தையா குறை சொல்கிறீர்? நான் நோயாளியாகக் கிடந்தால்தான் உம் பிழைப்பு ஓடும், அதுதானே? நாளைக்கே நாட்டை விட்டுப் போம். இனி பாசியைக் குறைக்கச் சொல்கிறவனுக்கும் இதே கதி."

ஓலை நாயகம் வயிரவனுக்கு இது பொறுக்கவில்லை. அவன் மனைவியைப் பிரசவத்தில் பிழைக்கவைத்தவர் மருதவாணர். ராயரின் ஓலைகளைச் சரிபார்த்து அனுப்புவது வயிரவனின் வேலை. நாடு கடத்தும் ஓலையும் அவன் கைவழியாகத்தான் போக வேண்டும்.

அங்கே ஒரு வழக்கம். ஓலையின் கடைசியில் ராயர் தம் கையால், எழுத்தாணியை இடையில் தூக்காமல், ஒரே இழுப்பில் ஒரு சங்கு வரைவார். போன வருஷம் எவனோ கள்ள ஓலை விட்டதால் அவரே சட்டமும் போட்டிருந்தார். கோடு நடுங்கினால் அது கள்ளச் சங்கு. வரைந்தவனுக்கு நாற்பது நாள் சிறைக் கூழ்.

மறுநாள் காலை ராயர் சபையில் ஓலையை வாங்கிச் சங்கு வரைந்தார். வயிரவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தான்.

"மன்னிக்கணும் மகாராஜா. இது கள்ள ஓலை."

"என்னடா உளறுகிறாய்? உன் கண் முன்னால்தானே வரைந்தேன்?"

"எங்கள் ராயர் கை நடுங்காதே. இந்தச் சங்கு வலையில் துள்ளுகிற இறால் மாதிரி இருக்கிறதே."

ராயர் இன்னொன்று வரைந்தார். அது இன்னும் மோசம். மூன்றாவதில் ஓலையே கிழிந்தது. அவர் தம் கையையே வெறித்துப் பார்த்தார். முதல்முறையாக அவருக்குப் பயம் தட்டியது.

"அரசனைச் சிறையில் போடுவாயா, வயிரவா?"

"சிவ சிவா. கூழை அரண்மனைக்கே வரச் சொல்கிறேன். கேப்பைக் கூழும் உப்பும். வேறு எதையும் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. நான் எதையும் குறைக்கச் சொல்லவில்லை மகாராஜா, உங்கள் சட்டம் சொல்கிறது."

ராயர் முறைத்தார். அப்புறம் மீசை துடித்தது. சிரித்தே விட்டார். ஓலை செல்லாததால் மருதவாணர் ஊரிலேயே இருந்தார்.

நாற்பத்தோராம் நாள் சங்கு வழவழவென்று விழுந்தது. மருதவாணருக்கு ஒரு தென்னந்தோப்பை எழுதிக் கொடுத்த ஓலை அது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்," என்றார் ராயர் வயிரவனிடம்.

"ஒன்றே ஒன்று. தினமும் சங்கு வரைந்துவிட்டுக் கஞ்சிக்கு உட்காருங்கள், மகாராஜா. நேராக வந்தால் பாசி ஒரு சிட்டிகை. நடுங்கினால் சிறையில் கூழுக்கு அடுப்பு மூட்டச் சொல்கிறேன்."