சிலுப்பியின் மணிப்பூப் பாத்தி

மலைக்காட்டில் ஓடை வளையும் இடத்தில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி மணிப்பூ வளர்த்தாள். நீல நிறப் பூ. கவிழ்த்த மணி போல இருக்கும், காற்றடித்தால் தலையாட்டும். அந்தக் காட்டில் வேறு யாரிடமும் அது கிடையாது.

முள்ளம்பன்றி வேரைக் கண்டால் தின்னாமல் விடுமா? சிலுப்பி விட்டாள்! மலை உச்சிப் பாறையிடுக்கிலிருந்து அந்தச் செடியை வேரோடு வாயில் கவ்வி, பல் படாமல், எச்சிலை விழுங்கிக்கொண்டே ஓடை வரை கொண்டுவந்து நட்டவள் அவள். ஓடையிலிருந்து வாய்க்கால் கீறித் தண்ணீர் பாய்ச்சினாள். வேர் சூடாகாமல் இருக்கச் சருகு பரப்பினாள். வாடின பூவை உடனே கிள்ளிவிடுவாள். கிள்ளினால்தான் பக்கத்தில் புது மொட்டு வரும். இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

பெருமை வந்தால் அவளுக்கு முள்ளெல்லாம் விறைத்துக்கொள்ளும். பாவம், பூவைப் பார்க்க வந்தவர்கள் தள்ளி நின்றுதான் பாராட்ட வேண்டியிருந்தது.

போன வருடம் யானைக் கூட்டம் அந்த வழியாகப் போனபோது செடியில் இலை மட்டும்தான் இருந்தது. "அடுத்த மழை முடிஞ்சு வருவோம். பூத்திருந்தா நின்னு பார்த்துட்டுத்தான் போவோம்!" என்று கூட்டத்தின் தலைவி பெரியாத்தா சொல்லிவிட்டுப் போனாள். யானைக் கூட்டம் ஒரு பூவுக்காக நிற்பதா! சிலுப்பி அந்த ஒரு நாளை நினைத்தே வருடத்தை ஓட்டினாள்.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை செம்பி என்ற காட்டுக்கோழி. குஞ்சுகளோடு வந்து பாத்தியைக் கிளறி, சருகை வாரி இறைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் வழுக்கன் என்ற நத்தை பாத்தியோரக் கல்லில் ஏறி நின்று பேச்சைத் தொடங்கினான்.

"அக்கா! இப்படி ஒரு தோட்டம் இந்த மலையிலேயே இல்ல. அந்தக் கோழி இதைக் குப்பைமேடுன்னு நெனச்சுட்டாளே! எனக்கே வயிறு எரியுது!"

சிலுப்பிக்கு முள் விறைத்தது. "நீயாவது சொன்னியே தம்பி! என்ன செய்யலாம்?"

"உங்க முள்ளையே நட்டு வேலி போடுங்க. உங்க பூவுக்கு உங்க முள்ளுதான் அழகு!"

சிலுப்பி உதிர்ந்த முட்களைப் பொறுக்கி, பாத்தியைச் சுற்றி நெருக்கமாக நட்டாள். குஞ்சுகளோடு கோழி நுழைய வழியில்லை. நத்தை நுழையத் தாராளமாக இடமிருந்தது!

செம்பி வெளியே நின்று கூப்பிட்டாள். "சிலுப்பி! நான் சும்மாவா கிளறுறேன்? சருகுக்கடியில என்ன இருக்குன்னு..."

"போடி! கிளற வேற இடம் பாரு!"

செம்பி இரண்டாம் தடவை கெஞ்சுகிறவள் இல்லை. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மழை ஓய்ந்தது, செடிகள் மொட்டுக் கட்டின. ஒரு காலையில் பார்த்தால் பாதி மொட்டைக் காணோம்! வெறும் காம்புகள் நின்றன. சிலுப்பி நேரே பக்கத்துப் புதர் முயலிடம் சண்டைக்குப் போனாள்.

"உன் வேலிக்குள்ள நுழைய நான் என்ன எறும்பா?" என்று கேட்டது முயல். அதுவும் நியாயம்தான்.

திரும்பி வந்தபோதுதான் இலைகளின்மேல் பளபளவென்று ஒரு கோடு அவள் கண்ணில் பட்டது. சருகைப் புரட்டினாள். அங்கே வழுக்கன், அவன் மாமன், மச்சான், பேரன், பேத்தி என்று ஒரு குலமே வயிறு முட்டக் கிடந்தது!

"தம்பின்னு கூப்பிட்டேனேடா!"

"அந்த உரிமையிலதானே சாப்பிட்டோம் அக்கா!" என்று சொல்லிவிட்டு வழுக்கன் ஓட்டுக்குள் புகுந்துகொண்டான்.

சிலுப்பி முள்ளை விறைத்தாள். நத்தை ஓட்டில் முள் இறங்குமா? நத்தைகளை ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் ஊர்ந்து வந்தன. யானைகள் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபோதுதான் செம்பி இத்தனை நாளும் சருகுக்கடியில் எதைக் கொத்தித் தின்றாள் என்று புரிந்தது. உடனே செம்பியிடம் போனாள்.

"செம்பி, தப்பு என்னோடது. வந்து கிளறிக் குடு."

"வேலி இருக்கே?"

சிலுப்பி ஓடிப்போய்ப் பெருமையாக நட்ட முட்களை ஒவ்வொன்றாகத் தன் பல்லாலேயே பிடுங்கிப் போட்டாள். குஞ்சுகள் முதலில் பாய்ந்தன. பின்னாலேயே செம்பி வந்தாள். சருகு பறந்தது!

"அக்கா! காப்பாத்துங்க!" என்று வழுக்கன் கதறினான்.

"கிளறுறது என் தோட்டக்காரி. அவ வேலையில நான் தலையிட மாட்டேன்!" என்றாள் சிலுப்பி.

கடிபட்ட காம்புகளை அவள் சுத்தமாகக் கிள்ளிவிட்டாள். பக்கத்தில் புது மொட்டுகள் கிளம்பின. யானைக் கூட்டம் வந்த காலையில் பாத்தி முழுக்க நீலமாக இருந்தது.

பெரியாத்தா நின்றாள். பின்னால் வந்த கூட்டம் முழுவதும் நின்றது. குட்டி யானை காதாட்டுவதைக்கூட மறந்து பார்த்தது.

"யாருடி வளர்த்தது இதை?" என்று கேட்டாள் பெரியாத்தா.

சிலுப்பியின் முள் எழும்பப் பார்த்தது. ஆனால் காலடியில் ஒரு கோழிக்குஞ்சு நின்றது. அவள் முள்ளை அடக்கிக்கொண்டாள்.

"நானும் செம்பியும், பெரியாத்தா!"

செம்பி கழுத்தை உயர்த்திக்கொண்டாள். அன்றுதான் காட்டு விலங்குகள் எல்லாம் சிலுப்பியின் பக்கத்திலேயே நின்று பூவைப் பார்த்தன. இதுவரை பட்ட பெருமையெல்லாம் ஒரு பெருமையா என்று அவளுக்குத் தோன்றியது.

நம்மைப் புகழ்கிறவரெல்லாம் நண்பரும் இல்லை, நம் பாத்தியைக் கிளறுகிறவரெல்லாம் பகைவரும் இல்லை. உதவியவரையும் பக்கத்தில் நிறுத்திப் படுகிற பெருமைதான் நிலைக்கும்.