உப்புக்காரர் போட்ட முட்டுக்கட்டை

நாற்பத்து மூன்று பணம். ஆலங்கரை உப்புக்காரர் அடைக்கலனார், கோயில் காரியம் பார்க்கும் மாசிலாமணியாருக்குத் தர வேண்டிய முதல் அது. வட்டி தனி. வட்டியைப் பற்றிக் கேட்டால் மாசிலாமணியார் விரலை மடக்க ஆரம்பிப்பார். கேட்டவர் எழுந்து போய்விடுவார்.

அந்தக் கடனில்தான் அடைக்கலனார் ஓர் எருதும் இரண்டு பொதி உப்பும் வாங்கினார். விடிந்ததும் முதல் கை உப்பு ஊருக்கு இல்லை. ஆலங்கரை நிழல்தந்த நாதர் கோயில் மடைப்பள்ளிக்கு. தேவாரம் பாட அவருக்கு வராது. “நாம கும்பிடறது சாமிக்கு நாக்குல தெரியணும்” என்பார். பிறகு தெருத்தெருவாய் விற்று, உச்சிப்பொழுதில் தெற்கு வீதிப் புன்னை மரத்தடியில் எருதை நிறுத்தி இளைப்பாற விடுவார். மழையோ வெயிலோ, அந்த நிறுத்தம் தவறாது.

ஒருநாள் ஆறு கடக்கையில் வெள்ளம் வந்தது. உப்பு கரைந்தது. எருது அக்கரை ஏறித் திரும்பிப் பாராமல் எங்கோ நடந்துவிட்டது. வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டியது. அடைக்கலனார் துண்டைப் பிழிந்தபடி, “நல்லதாப் போச்சு. மீனுக்கெல்லாம் இன்னைக்குத்தான் உப்பு போட்ட சாப்பாடு” என்றார். எதற்கும் இதுவே அவர் பேச்சு. அதனால் ஊரார் அவருக்கு ‘நல்லதாப்போச்சு’ என்றே பெயர் வைத்திருந்தனர்.

கடனைக் கேட்க வந்த மாசிலாமணியார், கொடுக்க ஒன்றுமில்லை என்று கண்டதும் ஒரு வேலை கொடுத்தார். தேருக்கு முட்டுக்கட்டை போடும் வேலை. தேருக்குக் கடிவாளம் கிடையாது. உருளும் சக்கரத்தின் முன்னே மரக்கட்டையைச் செருகித்தான் அதைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டும். முந்தினால் தேர் முரண்டு பிடிக்கும். பிந்தினால் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கை இருக்கும். முன்பு போட்டவருக்கு ஒரு கால்விரல் போனது. அவருக்குப் பின் வந்தவர் மிச்ச விரல்களைக் காப்பாற்றிக்கொண்டு ஊரைவிட்டே போனார். திருவிழாவை ஒழுங்காய் முடித்தால் ஓராண்டு வட்டி தள்ளுபடி என்றார் மாசிலாமணியார். பிசகினால் அடைக்கலனார் குடியிருக்கும் வீடு மாசிலாமணியாருக்கு.

மனைவி வெள்ளையம்மை அடுப்படியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “ஏங்க, கால் போயிட்டா என்ன பண்றது?”

“இருக்கறது ரெண்டு. ஒண்ணு போனா செருப்புச் செலவு பாதி.”

“வாயில நல்லதா ஒண்ணு வராதா உங்களுக்கு?”

“அதைத்தான சொன்னேன்” என்றார் அடைக்கலனார்.

ஆனால் பயம் இல்லாமலில்லை. உப்பு அள்ளி வெடித்த கை, கட்டையைத் தூக்கித் தூக்கிக் கொப்புளம் கண்டது. படுத்தால் இடுப்பு எழுந்திருக்க மறுத்தது. சாமியில்லாமல் வெறுந்தேரை இழுத்துப் பார்க்கும் வெள்ளோட்டத்தன்று, பதற்றத்தில் இடச்சக்கரத்துக்குப் போட வேண்டிய கட்டையை வலச்சக்கரத்துக்குப் போட்டார். தேர் மெல்லத் திரும்பி, மாசிலாமணியார் வீட்டு மதிலைச் சாய்த்துவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் நின்றது.

“சாமி ஏறாத நாளாப் பார்த்து இடிச்சுது. நல்லதாப் போச்சு” என்றார் அடைக்கலனார். மாசிலாமணியாருக்கு அது நல்லதாகப் படவில்லை. தேரோட்டத்தில் இன்னொரு பிசகு நேர்ந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஊரறியச் சொன்னார்.

தேர்நாள் வந்தது. நிழல்தந்த நாதர் பட்டும் நகையுமாய் ஏறியமர, ஊரே வடம் பிடித்தது. அடைக்கலனார் சக்கரத்தோரம் குனிந்தபடியே ஓடினார். கீழவீதி முனையில் தேர் திரும்பியது. ஓர் ஓடுகூட உடையவில்லை. “பரவால்லியே, நல்லதாப்போச்சு” என்று வடக்காரர்கள் கேலியாகவே பாராட்டினர். தெற்கு வீதியில் நுழையும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. புன்னை நிழல் தேர்மேல் விழுந்தது.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் எருதை நிறுத்திய கை, தன் பாட்டுக்குக் கட்டையைச் சக்கரத்தடியில் செருகியது. “செத்த இளைப்பாறுங்க, ஐயா” என்று வாயும் தன் பாட்டுக்குச் சொல்லிற்று.

தேர் குலுங்கி நின்றது. வடக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் குவியலாய் விழுந்தனர். மாசிலாமணியாரின் தலைப்பாகை உருண்டோடிச் சாக்கடையில் இறங்கியது. செய்ததை உணர்ந்த அடைக்கலனார் கட்டையைப் பற்றி இழுத்தார், அது வரவில்லை. கடப்பாரை வந்தது. இன்னும் ஆட்கள் வந்தனர். தேர் அசையவில்லை. வீடு போயிற்று என்று அவருக்குத் தெரிந்தது. முதன்முறையாக வாயில் அந்தச் சொல் வரவில்லை. தேரை அண்ணாந்து பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாரோ நீர்மோர்ப் பானையைக் கொண்டுவந்தார்கள். வடக்காரர்கள் நிழலில் கால் நீட்டினர். கத்திக் களைத்த மாசிலாமணியார் தேர்க்காலில் சாய்ந்தார், கண் செருகியது. கனவில் நிழல்தந்த நாதர் பட்டை அவிழ்த்து விசிறிக்கொண்டிருந்தார்.

“வருஷா வருஷம் இந்த வெயில்ல இவ்வளவு நகையையும் மாட்டி இழுத்துட்டுப் போறீங்க. மோர் குடிச்சியான்னு ஒருத்தன் கேட்டதில்ல. பேரு மட்டும் நிழல் தந்தவன்னு வெச்சிருக்கீங்க. எனக்கு நிழல் தந்தவன் அந்த உப்புக்காரன் ஒருத்தன்தான். அவன் கடன் இனி என் கடன். நீயா விடுறியா, நான் இறங்கி வரட்டுமா?”

மாசிலாமணியார் அலறி எழுந்தார். கனவை அப்படியே சொன்னார், பிறகு அடைக்கலனாரின் முன் கைகூப்பி, “நாற்பத்து மூன்று பணத்தையும் விட்டேன். இழுங்கப்பா” என்றார்.

இழுத்தார்கள். தேர் அசையவில்லை.

எல்லாரும் மாசிலாமணியாரைப் பார்த்தனர். அவர் தேரைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெல்லிய குரலில், “வட்டியையும்” என்றார்.

அடைக்கலனார் தொட்டதும் கட்டை வெண்ணெயில் கத்திபோல் வெளியே வந்தது. தேர் பூப்போல் நகர்ந்தது. சாக்கடையிலிருந்து தலைப்பாகையை எடுத்து உதறிய மாசிலாமணியார், தன்னையறியாமல், “நல்லதாப் போச்சு” என்றார்.

அன்றுமுதல் ஆலங்கரைத் தேர் உச்சிவெயிலில் புன்னையடியில் நின்று, மோர் நிவேதனம் ஆனபிறகே புறப்படுகிறது. அந்த மோரில் முதல் கல் உப்பு போடுகிறவர், அடைக்கலனார் வழி வந்தவர். ஆண்டவனுக்கும் களைக்கும் என்று அறிந்த அந்த அடியாரின் கொப்புளம் கண்ட கைகள் வாழ்க.