நாலாவது பொத்தான்

அரைக்கிணறு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் "இங்கனதான்" என்பார்கள். அதற்குமேல் அவர்களிடமிருந்து ஒன்றும் பெயராது. ஊருக்குப் பெயர் வந்த கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ஊர்ப் பெரியவர், "இன்னைக்குப் பாதிக் கிணறு தோண்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியூர் போனார். பாதி தோண்டினார்கள். மறுநாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிணறு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. பக்கத்து ஊர் முக்காக்கிணறு. அங்கே புத்தி கொஞ்சம் கூடுதல் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அரைக்கிணற்றில் மாவு மில் நடத்துகிறவன் சொரிமுத்து. முப்பத்திரண்டு வயது. முக்காக்கிணற்றில் ஆவுடைச்செல்வி என்ற பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தான். அன்றிலிருந்து மிளகாய் மெஷினில் கோதுமையைப் போட்டுக்கொண்டிருந்தான். ஊரே ஒரு மாதம் காரச் சப்பாத்தி தின்றது. யாரும் குறை சொல்லவில்லை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

பெண்ணின் அண்ணன் திருமலைக்குமாருக்குச் சென்னையில் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் வேலை. ஒரு சனிக்கிழமை காலை அவனிடமிருந்து பெட்டி ஒன்று வந்தது. கூடவே ஒரு கடிதம்.

"மாப்ளே, இது எங்க கம்பெனியோட புது கேம். மாயாஜாலம், வாள், குதிரை, பூதம் எல்லாம் உண்டு. இஷ்டப்பட்ட திசைக்குப் போகலாம். இன்னும் வெளியில யாருக்கும் வரலை. எழுத்தெல்லாம் தமிழ்லயே வரும். விளையாடிப் பாத்து முதல் அபிப்பிராயம் எழுதி வைங்க. நாளைக்குப் பத்தரை மணிக்கு அப்பா, தங்கச்சி எல்லாரும் வீடு பாக்க வாறோம். உங்க அபிப்பிராயத்தைக் கேட்டுட்டுத்தான் தாம்பூலம் மாத்தலாமா வேண்டாமான்னு அப்பா முடிவு பண்ணுவாவ. திரையில என்ன சொல்லுதோ அதை அப்படியே செஞ்சா போதும்."

அந்தக் கடைசி வரியை அவன் எழுதாமல் இருந்திருக்கலாம்.

சொரிமுத்து உடனே கூட்டாளிகளைக் கூப்பிட்டான். டெய்லர் நல்லகுத்தாலம், மைக்செட் வன்னியப்பன், பஞ்சாயத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற ஐயம்பெருமாள். நால்வரும் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அபிப்பிராயம் எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்றும் தயாராக இருந்தது.

திரை முதலில் பெயர் கேட்டது. ஐயம்பெருமாள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'சொரிமுத்து' என்று பதிந்தான். அடுத்து ஒரு வரி வந்தது: 'சொரிமுத்து, உன் முன்னே ஒரு திறந்த உலகம்.'

"திறந்து கிடக்கா?" என்றான் வன்னியப்பன் கவலையாக. "யாருல திறந்து போட்டது? நாய் நுழைஞ்சிராதா?"

"உலகத்துக்குள்ள நாய் ஏற்கெனவே இருக்குல்லா. உள்ள இருக்க நாய் வெளிய போயிரும்னுதான் பயப்படணும்" என்றான் ஐயம்பெருமாள். யோசித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டின் முன்கதவு, பின்கதவு இரண்டையும் தாழ்ப்பாள் போட்டார்கள்.

அடுத்த வரி: 'தொடங்க, பெருக்கல் குறியை அழுத்திப் பிடிக்கவும்.'

பெட்டியோடு வந்த ரிமோட்டில் பெருக்கல் குறி இருந்தது. சொரிமுத்து அழுத்தினான், பிடித்தான். திரையில் வாளோடு ஒரு வீரன் எழுந்து நின்றான். நின்றவன் குதித்தான். மறுபடி குதித்தான். குதித்துக்கொண்டே இருந்தான்.

"விட்டுரட்டுமால?" என்றான் சொரிமுத்து கால் மணி நேரம் கழித்து.

"விடச் சொல்லுச்சா?" என்றான் நல்லகுத்தாலம்.

சொல்லவில்லைதான். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு முக்கால் மணி நேரம். ஒருவன் பிடிக்கும்போது மற்றவன் அவனுக்குச் சோறு ஊட்டினான். நோட்டில் முதல் அபிப்பிராயம் எழுதப்பட்டது: 'வீரன் நல்ல உயரம். காலில் நெருஞ்சி முள் குத்தியிருக்கும்போல. யாராவது எடுத்துவிட்டால் தேவலை.'

மத்தியானம் இரண்டு மணிக்கு வன்னியப்பனுக்குத் தும்மல் வந்து விரல் நழுவியது. வீரன் குதிப்பதை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான். "கெடுத்தியேல பாவி!" என்று மூவரும் அவனை வைது முடிப்பதற்குள், திரையில் தாடி வைத்த கிழவர் ஒருவர் வந்து நின்றார். 'ஊரில் உள்ள எல்லோரிடமும் பேசிவிட்டு வா' என்றார்.

"கடுமையான வேலைதான்" என்று எழுந்தான் சொரிமுத்து. "நானூறு வீடு இருக்கே."

ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். என்ன பேச வேண்டும் என்று கிழவர் சொல்லாததால், "பேச வந்தோம்" என்றார்கள். சொரிமுத்துவுக்கும் அவன் சித்தப்பாவுக்கும் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கேயும் போய், "சித்தப்பா, உங்ககிட்ட எனக்குப் பேசப் பிடிக்கலை. சொல்லிட்டேன், வாறேன்" என்று பேசிவிட்டு வந்தான். எல்லாம் முடிய நடுச்சாமம் ஆகிவிட்டது. அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிழவருக்குப் பதில் சொல்லலாம் என்று வந்து பார்த்தால், திரை முழுக்கச் சிவப்பு. ஆள் வராமல் அநாதையாக நின்ற வீரனை ஏதோ ஓநாய் வந்து கடித்துப் போட்டிருக்கிறது. நடுவில் கொட்டை எழுத்தில் இருந்தது:

'சொரிமுத்து, நீ இறந்துவிட்டாய்.'

நால்வரும் அதை இரண்டு தடவை வாசித்தார்கள். பிறகு வன்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"ஏல, நான் நின்னுக்கிட்டுல்லா இருக்கேன்" என்றான் சொரிமுத்து.

"நிக்கது வேற, உசிரோட இருக்கது வேற" என்றான் ஐயம்பெருமாள் வருத்தமாக. "கரண்டு போஸ்ட் நிக்கலையா?"

"பேசுதேன்ல!"

"ரேடியோ பேசலையா?"

"தமிழ்லயே போட்டுட்டான். பேரோட போட்டிருக்கான்" என்றான் வன்னியப்பன். "ரேஷன் கார்டுல பொம்பளைன்னு வந்ததுக்கு அப்புறம் நம்ம பிச்சைக்கண்ணு ஒரு வருஷம் மகளிர் குழுவுக்குப் போகலையா? எழுத்துல வந்துட்டா முடிஞ்சுது."

சொரிமுத்து தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி துடித்தது. ஆனால் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் நாடி பிடித்துப் பார்த்ததில்லையே, எதோடு ஒப்பிடுவது? "செத்ததுகூடப் பரவாயில்லல. அவ வாற அன்னைக்கா சாகணும்? ஒரு நாள் தள்ளிச் செத்திருக்கக் கூடாதா?" என்று விசும்பி அழுதான். கூட்டாளிகளும் அழுதார்கள். இறந்தவனே தனக்காக அழ வேண்டியதாகிவிட்டதே என்று இன்னும் அழுதார்கள்.

வன்னியப்பன் கடமை தவறாதவன். சொரிமுத்து கழுத்தில் ஒரு மாலையைப் போட்டான். வேப்பமரத்தில் மைக்செட் குழாயைக் கட்டி அறிவித்தான்: "மாவு மில் உரிமையாளர் சொரிமுத்து அவர்கள் இன்று காலை டிவியில் இயற்கை எய்தினார். நல்லடக்கம் பற்றி அன்னாரே பின்னர் அறிவிப்பார்."

ஐயம்பெருமாள்தான் திரையின் அடியில் பொடி எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்தான். எழுத்துக்கூட்டிப் படித்தான்: "'மீண்டும் உயிர்பெற ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும். கடைசியாகச் சேமித்த இடத்தில் எழுவாய். அல்லது, இரண்டாம் ஆட்டக்காரர் தொடரலாம்.'"

"பொத்தானா? அது நம்ம தொழில்லா!" என்று நல்லகுத்தாலம் முன்னால் வந்தான். "சட்டையைக் காட்டு."

சொரிமுத்து பனியன் போட்டிருந்தான்.

"பொத்தான் இல்லாமச் செத்திருக்கியேல" என்று தலையில் அடித்துக்கொண்டான் டெய்லர். தாம்பூலத்துக்கென்று அவனிடம் தைக்கக் கொடுத்த சந்தனக் கலர் சட்டை கடையில் இருந்தது. ஓடிப் போய் எடுத்துவந்தான். அதில் காஜா ஓட்டை இருந்தது, பொத்தான் இல்லை. கேட்ட தேதியில் துணி கொடுத்து அவனுக்குப் பழக்கமில்லை. அங்கேயே உட்கார்ந்து ஆறு பொத்தான் தைத்தான். அதற்குள் மணி ஒன்பதே முக்கால்.

"சேமித்த இடம்னு ஒண்ணு இருக்கே, அது எங்க?" என்றான் வன்னியப்பன். "ஏல சொரி, கடைசியா எங்க சேமிச்ச?"

சொரிமுத்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "நான் என்னைக்குல சேமிச்சிருக்கேன்?"

"மழைநீர்!" என்று கத்தினான் ஐயம்பெருமாள். "மழைநீர் சேமிப்புத் தொட்டி! போன ஐப்பசியில நானே வந்து நோட்டீஸ் ஒட்டினேன்லா!"

கொல்லைப்புறத்தில் நெஞ்சளவு ஆழத்தில் சிமெண்டுத் தொட்டி. சொரிமுத்துவைச் சட்டையோடு, மாலையோடு அதற்குள் இறக்கினார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தது. செத்த பிறகும் குளிருமா என்று அவன் கேட்டதற்கு, "புதுசுல அப்பிடித்தான் இருக்கும்" என்றான் வன்னியப்பன். ஐயம்பெருமாள் ஜன்னலோரம் நின்று டிவியைக் கவனித்தான். நல்லகுத்தாலம் தொட்டியில் இறங்கி மேல் பொத்தானை அழுத்தினான்.

"இன்னும் செத்துத்தான் இருக்கான்!" என்றான் ஐயம்பெருமாள்.

இரண்டாவது. "செத்துத்தான் இருக்கான்!"

மூன்றாவதற்கு வரும்போது நல்லகுத்தாலத்தின் விரல் மெதுவாகிவிட்டதைச் சொரிமுத்து கவனித்தான். அவன் இன்று புதுச் சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடரும் பூசி வந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

"ஏல குத்தாலம், தொட்டும் தொடாம அழுத்துதியே! அமுக்கி அழுத்துல!"

"அழுத்திக்கிட்டுதான் இருக்கேன்" என்றான் டெய்லர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "ஆனா இரண்டாம் ஆட்டக்காரர் தொடரலாம்னும் போட்டிருக்கு. அவ்வளவு தூரத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரவ வாறாவ, வெறுங்கையோட அனுப்ப முடியுமா? உனக்காகத்தான் சொல்லுதேன்."

சொரிமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தான். தான் போனால் மில் போகும், வீடு போகும், அதெல்லாம் போகட்டும். ஆவுடைச்செல்வியைக் கூட்டிக்கொண்டு இந்தப் பவுடர் மூஞ்சி கோயில் கொடைக்குப் போவதை நினைக்கவே முடியவில்லை. இறந்தவன் எதிர்த்துப் பேசலாமா என்றும் தெரியவில்லை.

சரியாகப் பத்தரைக்கு வாசலில் வேன் நின்றது. பெண்ணின் அப்பா கோட்டைச்சாமி தாம்பூலத் தட்டோடு இறங்கினார். குழாயில் வன்னியப்பன் போட்டுவிட்ட ஒப்பாரி ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறம் வந்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு தொட்டிக்குள் நின்றான்.

"வாங்க மாமா" என்றான் சொரிமுத்து கைகூப்பி. "மன்னிச்சுக்கிடணும். காலையில தவறிட்டேன்."

திருமலைக்குமார் நடந்ததைக் கேட்டான். அங்கே இருந்தவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் புரிந்தது. அதனால் அவனை யாரும் கேட்கவில்லை. "அட கூறுகெட்டவங்களா" என்று முனகியபடி வீட்டுக்குள் போனான்.

ஆவுடைச்செல்வி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியருகே வந்தாள். நல்லகுத்தாலத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவன் நகர்ந்துகொண்டான்.

"எத்தனை பொத்தான் ஆச்சு?" என்றாள்.

"மூணு."

"செல்வி! கல்யாணத்துக்கு முன்னாடி ஆம்பளையத் தொடக் கூடாது!" என்றார் கோட்டைச்சாமி.

"பொத்தானைத்தானேப்பா தொடுதேன், ஆளை இல்லையே" என்று சொல்லி, நாலாவது பொத்தானைக் கட்டைவிரலால் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினாள். வீட்டுக்குள்ளே திருமலைக்குமார் தரையில் கிடந்த ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தியதும் அதே நேரம்தான்.

டிவி கொட்டு முழக்கியது. "எந்திரிச்சிட்டான்! உசிர் வந்துட்டு!" என்று ஜன்னலில் தொங்கிக்கொண்டே கத்தினான் ஐயம்பெருமாள். சொரிமுத்து தொட்டியிலிருந்து துள்ளி வெளியே விழுந்தான். சந்தோஷத்தில் குதித்தான். மறுபடி குதித்தான். வன்னியப்பன் மைக்கில், "முந்தைய அறிவிப்பில் கண்ட அன்னார் பிழைத்துக்கொண்டார், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்றான்.

எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், சொரிமுத்து ஈரம் சொட்டச் சொட்ட. கோட்டைச்சாமி தொண்டையைச் செருமினார். "சரி, மாப்ளே. முதல் அபிப்பிராயம்?"

சொரிமுத்து நோட்டைத் திறந்தான். ஈரக் கை பட்டு மை கரைந்துவிட்டது. மனதில் இருந்ததைச் சொன்னான். "செத்தது நல்லாத்தான் இருந்தது மாமா. பிழைச்சது அதைவிட நல்லா இருந்தது. தண்ணி மட்டும் குளிரு. அதைக் கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சா எல்லாரும் விளையாடலாம்."

திருமலைக்குமார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கோட்டைச்சாமி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பார்வை டிவியில் இருந்தது. மூலையில் ஒரு வரி மின்னியது. வாய்விட்டுப் படித்தார்: "'சொரிமுத்து. மீதமுள்ள உயிர்கள்: இரண்டு.'"

சட்டென்று எழுந்து தாம்பூலத் தட்டைத் தூக்கினார். "எத்தனையோ மாப்பிள்ளை பாத்தேன். எல்லாவனுக்கும் ஒத்தை உசிர்தான். இவருக்கு ஒண்ணு போயும் கையில ரெண்டு இருக்கு. எம் மவ தாலிக்கு இதைவிட என்ன வேணும்?"

தாம்பூலம் மாறியது. வைகாசியில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் புரோகிதர், "மாப்ளே, பொண்ணு கையைப் பிடிங்கோ" என்றார். சொரிமுத்து பிடித்தான். புரோகிதருக்குக் காசிக்கு ரயில் பிடிக்கிற அவசரம். தட்சிணையை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டார்.

பந்தி முடிந்தது, பந்தல் பிரித்தார்கள். சொரிமுத்து கையை விடவில்லை.

"கை வலிக்குமே. முறை வச்சுப் பிடிப்போமால?" என்றான் நல்லகுத்தாலம் பிரியமாக. "முக்கால் மணி நேரம் நான் பாத்துக்கிடுதேன்."

"இதுக்கு ஒரே ஆட்டக்காரர்தான்" என்றான் சொரிமுத்து. வாழ்க்கையில் அவன் யோசித்துச் சொன்ன முதல் பதில் அதுதான்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. மாவு மில்லில் இருவரும் ஒத்தைக் கையால்தான் வேலை பார்க்கிறார்கள். புரோகிதர் காசியிலேயே தங்கிவிட்டார். அவர் வாயால்தான் விடச் சொல்ல வேண்டும். ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடலாம் என்று ஐயம்பெருமாள் வாரம் தவறாமல் வந்து நிற்கிறான். அவருடைய காசி முகவரி ஆவுடைச்செல்வியிடம்தான் இருக்கிறது. கொஞ்சம் தேடிக் கொடேன் தாயி என்று கேட்டால், "ஒத்தைக் கையால எப்பிடித் தேட?" என்கிறாள்.