கருங்காலியாய் இருந்த கியர்

இரும்புக்கும் எண்ணெய்க்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கரடிச்சோலைத் தேயிலைத் தோட்டத்து லாரிகள் உறைபனி நாட்களில் எடுத்தவுடன் கிளம்பியதில்லை. விடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் பானட்டின்மேல் கைவைத்து விரல்களைச் சூடேற்றிக்கொள்வார்கள். மரத்துப்போன விரலுக்குக் கொழுந்தும் முற்றலும் ஒன்றுதானே. கியர்ப்பெட்டிக்குள் இறுகிக் கிடக்கும் எண்ணெய், "இளகிட்டேன், போகலாம்" என்று குரல் கொடுத்த பிறகே வண்டி நகரும். இந்தக் காத்திருப்பு எந்தத் துரையும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. தொழிலாளர்கள் குழந்தைகளோடு பட்டினி கிடந்து, அடி வாங்கி, போராடிப் பெற்றது.

அந்தத் தோட்டத்துக்குத்தான் தானியங்கிக் கியர் வைத்த முதல் லாரி வந்தது. கிளச்சை மிதிக்க வேண்டாம், கம்பியைத் தள்ள வேண்டாம். தேவையான கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அதில் அந்தக் கியருக்குத் தாங்கமுடியாத பெருமை.

"வாங்க புது மாப்பிள்ளே!" என்று பெண்களின் தலைவி செல்லக்கண்ணு பானட்டைத் தட்டினாள். "எல்லாம் தானா மாத்திக்குவீங்களாமே. கொழுந்தையும் நீங்களே பறிச்சுட்டீங்கன்னா நாங்க வீட்டுல படுத்துக்குவோம்."

பெண்கள் சிரித்தார்கள். கியருக்கும் அந்தக் கேலி பிடித்திருந்தது. ஆனால் துரையின் புகழ்ச்சி அதைவிட அதிகம் பிடித்திருந்தது.

புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்த ஒரு காலையில் துரை லாரியருகே வந்தார். "என்ன இது, வண்டியைச் சுத்திப் பொங்கல் வைக்கிறீங்களா? பழைய வண்டிக்குக் காத்திருந்தீங்க, சரி. இது நவீன வண்டி. என்ன கியரே, இப்பவே போக முடியுமா, முடியாதா?"

கியர் தயங்கியது. உள்ளே எண்ணெய் குளிர்கால நெய்போல இறுகியிருந்தது. "முடியாதுன்னு சொல்லு தம்பி" என்றது எண்ணெய். "நான் சந்து பொந்தெல்லாம் ஓடித் தள்ளினாத்தான் உனக்குக் கியர் விழும். இப்ப என்னால புரளக்கூட முடியலை."

"பொறுங்க தொரை" என்றான் டிரைவர் எட்டியப்பன். "கீழே பூராவும் இறக்கம்."

"உன்னைக் கேட்கலை. கியரைத்தான் கேட்டேன்."

எல்லோரும் கியரைப் பார்த்தார்கள். 'முடியாது' என்ற ஒரு சொல் போதும். ஊரே போராடிப் பெற்ற நேரம் நிலைத்திருக்கும்.

"நான் தயார், தொரை" என்றது கியர்.

செல்லக்கண்ணு பானட்டிலிருந்து கையை எடுத்தாள். "அட கருங்காலி!" என்றாள். அவ்வளவுதான். பிறகு மற்றவர்களோடு லாரியின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

நேர்ப்பாதையில் கியர் முக்கித் தக்கி மேல் கியருக்குப் போய்விட்டது. துரை மேலே நின்று கைதட்டினார். சாலை சரிவாய் இறங்கித் திரும்பும் இடத்தில் வேகத்தை அடக்கக் கீழ் கியர் வேண்டியிருந்தது. மேல் கியரை விட்டுவிட்டு, "தள்ளு!" என்று எண்ணெயைக் கேட்டது கியர். எண்ணெய் எழ முயன்றது, முடியவில்லை. இந்தக் கியரும் இல்லை, அந்தக் கியரும் இல்லை. எஞ்சின் வீணே அலற, லாரி தன் போக்கில் உருண்டது. எட்டியப்பன் பிரேக்கை மிதித்தான். உறைபனியில் சக்கரங்கள் சுற்றாமலே வழுக்கின. பின்னாலிருந்து, "அண்ணே! அண்ணே!" என்ற கூக்குரல். பாதாளம் ஒரு பக்கம். அவன் மறுபக்கம் திருப்பி மண்மேட்டில் மோதினான்.

லாரி நின்றது. பின்பலகை உடைந்து செல்லக்கண்ணு கல்லில் விழுந்து கிடந்தாள்.

என்ன செய்வதென்று தெரியாத பெண்கள் அவளைத் தூக்கிவந்தார்கள். "கை ஜில்லுன்னு இருக்குடி" என்றாள் ஒருத்தி. தினமும் செய்கிற பழக்கம் அல்லவா? செல்லக்கண்ணுவின் கைகளை எடுத்துப் பானட்டின்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் சூடேறியிருந்தது. எண்ணெயும் அப்போதுதான் இளகியிருந்தது. இருந்த சூடு முழுவதையும் கியர் மேலே அனுப்பிப் பார்த்தது. அந்தக் கைகள் சூடாகவில்லை. யாருக்கும் அழக்கூட வரவில்லை. கியர் விறைத்துப்போய்க் கிடந்தது. தான் சொன்ன ஒரு சொல் இவ்வளவு செய்யுமா!

மறுநாளும் உறைபனி. துரை வேறு கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். "நடந்தது நடந்துபோச்சு. கொழுந்து காத்திருக்காது. கிளம்பு!"

எட்டியப்பன் வண்டியை முன்னே ஓடும் 'டிரைவ்' நிலையில் போட்டான். வண்டி நகரவில்லை. எஞ்சின் ஓடியது, கியர் அசையவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வண்டியே செல்லக்கண்ணுவுக்குத் துக்கம் காப்பதுபோல் இருந்தது. பிறகு ஒவ்வொருவராக முக்காட்டை இறக்கித் தலைகுனிந்து நின்றார்கள்.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்று துரை பானட்டைக் குத்தினார். "நேத்து தயார்னு சொன்னியே!"

"நேத்து நான் கருங்காலி" என்றது கியர். "இனி எண்ணெயைக் கேளுங்க. அது சொல்லாம மேல் கியர் கிடையாது."

துரை கத்தினார், உதைத்தார், உருக்கிவிடுவேன் என்று மிரட்டினார். லாரி கொஞ்சம் பொறுத்தே நகர்ந்தது. எண்ணெய் இளகும்வரை கீழ் கியரிலேயே உறுமிக்கொண்டு ஊர்ந்தது. அதற்குப் பிறகு கியர் யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயால் கெட்டது வாயை மூடிக்கொண்டது.

அன்று தொட்டுத்தான், குளிர்ந்த காலையில் தானியங்கி லாரியை டிரைவில் போட்டால் அது ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. உடல் சூடேறும்வரை, எந்தத் துரை அவசரப்படுத்தினாலும், மேல் கியரைத் தர மறுக்கிறது.