கனகவல்லி பிடித்த மிச்சம்

ஒரு காட்டில் மரம் இருந்தது, மலை இருந்தது, ஓடை இருந்தது. கடை மட்டும்தான் இல்லை. அந்தக் குறையையும் ஒரு நரி வந்து தீர்த்து வைத்தது.

நரியின் பெயர் நல்லசாமி. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், பிள்ளைகளே. பாறை இடுக்கில் கடை போட்டு, வாசலில் இரண்டு பலகைகளை மாட்டினான். ஒன்றில் ‘ஆடித் தள்ளுபடி’ என்று பெரிதாக எழுதியிருந்தது. இன்னொன்று மூலையில் சின்னதாகத் தொங்கியது. அதை யாரும் படிக்கவில்லை.

“அண்ணாச்சி, இது தை மாசமாச்சே!” என்றது ஒரு முயல்.

“ஆடி வர்ற வரைக்கும் நீங்கள்லாம் காத்துக்கிடந்தா என் மனசு தாங்காது. அதான்!” என்றான் நல்லசாமி.

இந்தப் பதிலைக் கேட்டு அப்படியே உருகிப் போனவள் கனகவல்லி.

கனகவல்லி ஓர் இருவாச்சிப் பறவை. பெரிய மஞ்சள் மூக்கு, அதைவிடப் பெரிய ஆசை. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண்பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். மூக்கை நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் இருக்கும். குஞ்சு வளரும்வரை ஆண்பறவைதான் அந்தக் கீற்று வழியாகப் பழம் ஊட்ட வேண்டும்.

கனகவல்லியின் கணவன் மூக்கையன் நல்ல இடமாகப் பார்த்து வைத்திருந்தான். உயரமான மரத்தில் ஒரு பொந்து. பக்கத்திலேயே அவர்களுடைய அத்திமரம், கிளை கொள்ளாமல் பழம். “இந்த வருஷம் கவலையே இல்லை” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பாவம்.

முதல் நாள் கனகவல்லி ஒரு தேங்காய்ச் சிரட்டைக் கிண்ணம் வாங்கி வந்தாள்.

“ஏங்க, இதோட விலை இருபது அத்திப்பழமாம். அண்ணாச்சி எனக்காகப் பத்துக்குக் கொடுத்தாரு. பத்துப் பழம் மிச்சம்!”

“அப்படியா? அந்த மிச்சம் பத்துப் பழம் எங்கே?” என்று கேட்டான் மூக்கையன்.

“அதான் மிச்சம் பிடிச்சாச்சே! இன்னும் எங்கேன்னு கேட்டா?”

மூக்கையன் கொஞ்ச நேரம் யோசித்தான். கணக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் எந்த இடத்தில் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் மயிலிறகு விசிறி வந்தது. அதற்கு மறுநாள் ஒரு வெண்கல மணி. பிறகு ஓலைக்கூடைகள், ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு. பிறகு ஒரு ஜோடிச் செருப்பு, மான்களுக்குத் தைத்தது. ஒரு ஜோடி வாங்கினால் இன்னொரு ஜோடி இலவசம் என்பதால் மொத்தம் நான்கு. எல்லாம் பொந்துக்குள் போய்ச் சேர்ந்தன.

ஒரு நாள் நீளமான கட்டை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“இது என்ன கனகு?”

“யானைக்கு முதுகு சொறியிற கட்டை.”

“நம்ம வீட்ல யானை இல்லையே?”

“பாதி விலைங்க! இன்னிக்கு ஒரு நாள் மட்டும்தானாம். நாளைக்கு யானை வந்து நின்னா முழு விலை கொடுத்தா வாங்குவீங்க?”

மூக்கையன் அத்திமரத்தைப் பார்த்தான். இலை இருந்தது. பழம் குறைந்துகொண்டே வந்தது.

மாசி பிறந்தது. முட்டையிடும் நாளும் நெருங்கியது. ஒரு காலையில் மூக்கையன் ஓடைக்கரையிலிருந்து மூக்கு நிறைய மண் கொண்டுவந்து, வாசலை அடைப்பதற்காகத் தயாராக நின்றான்.

கனகவல்லி பொந்துக்குள் தலையை விட்டாள். தலை போயிற்று. உடம்பை நுழைத்தாள். கூடை இடித்தது. அந்தப் பக்கம் நகர்ந்தாள். மணி அடித்தது. மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். வாலும் முதுகும் வெளியே நின்றன.

“ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க!”

“ம்ம்” என்றான் மூக்கையன். வாயில் மண் இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்?

அவன் தள்ளத் தள்ள அவள் வெளியேதான் வந்தாள். கடைசியில் மூக்கையன் மண்ணைத் துப்பினான். அவனுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

“முட்டையை எங்கே வைக்கப் போறே கனகு?”

கனகவல்லி கட்டையைப் பிடித்து இழுத்தாள். “எல்லாத்தையும் தூக்கி வெளியே போட்டுடறேன். இடம் வந்துடும்.”

“இடம் வரும். பழம் வருமா?”

அவள் அத்திமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பழம்கூட இல்லை. அத்தனையும் நல்லசாமியின் கடைக்குப் பின்னால் குவிந்திருந்தன. வேறு அத்திமரம் வேண்டுமானால் மலையைத் தாண்டிப் போக வேண்டும். மூக்கையன் போய்வருவதற்குள் குஞ்சு பசியில் வாடிவிடும். கனகவல்லிக்குத் தன்மீதே அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

“நான் போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வரேன்” என்று விசிறியை மட்டும் எடுத்துக்கொண்டு பறந்தாள்.

“அண்ணாச்சி, இது எனக்கு வேண்டாம். என் பழத்தைக் கொடுத்துடுங்க.”

நல்லசாமி மூலையில் தொங்கிய சின்னப் பலகையை வாலால் காட்டினான். கனகவல்லி அன்றுதான் அதைப் படித்தாள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’

“ஆனா தங்கச்சி, புது விசிறி வந்திருக்கு. பழைய விசிறி வச்சிருக்கிறவங்களுக்குத் தனித் தள்ளுபடி...”

கனகவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. யாரோ முதுகில் தட்டினார்கள். திரும்பினால், அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு குரங்குகள் வரிசையாக நின்றன.

“அக்கா, இங்கே என்ன கொடுக்கிறாங்க?” என்று கேட்டது முதல் குரங்கு.

“தெரியாமலா நிக்கிறீங்க?”

“வரிசையைப் பார்த்தோம், நின்னுட்டோம்.”

உள்ளே நல்லசாமி வரிசையை எட்டி எட்டிப் பார்த்தான். யாருக்காக இந்தக் கூட்டம், தன் கடைக்கா, வேறெங்காவதா என்று அவன் காது துடித்தது. கனகவல்லி அந்தக் காதைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்குப் பறந்தாள்.

“ஏங்க, தேக்கிலை பறிச்சுட்டு வாங்க. நிறைய!”

இருவருமாகப் பொந்தில் இருந்த அத்தனையையும் இலையில் சுற்றிக் கொடியால் கட்டினார்கள். மணியைக் கட்டும்போது மட்டும் அவள் கை நின்றது. ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள். இனிமையாகத்தான் இருந்தது. மூக்கையன் அவளையே பார்த்தான். பெருமூச்சு விட்டு, அதையும் கட்டினாள்.

மரத்தடியில் பொட்டலங்களை அடுக்கி ஒரு பலகை வைத்தாள். ‘பெரிய கடைச் சரக்கு. இன்று மட்டும். மொத்தமாக மட்டும். பிரித்துப் பார்க்க அனுமதி இல்லை.’

“நீங்க முதல் ஆளா நில்லுங்க. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க.”

மூக்கையன் ஓடைக்குப் போய் மண்ணை வாயில் நிரப்பிக்கொண்டு வந்து நின்றான். பின்னால் ஒரு குரங்கு நின்றது. “என்னண்ணே கொடுக்கிறாங்க?”

“ம்ம்” என்றான் மூக்கையன்.

“சொல்ல மாட்டேங்கிறாரே! அப்போ பெரிய விஷயம்தான்” என்றது குரங்கு. சற்று நேரத்தில் காட்டில் இருந்த குரங்குகள் எல்லாம் அங்கே நின்றன. வரிசை ஓடைவரை போய் வளைந்தது.

நல்லசாமியின் கடையில் ஈ காக்கை இல்லை. அவனால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்? ஓடி வந்தான். வரிசையைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

“தங்கச்சி, உள்ளே என்ன இருக்கு?”

“பிரிச்சுப் பார்க்கக் கூடாது அண்ணாச்சி. போட்டிருக்கே.”

“சரி, மொத்தமும் எனக்கே கொடு.”

“உங்களுக்கு முன்னாடி இத்தனை பேர் நிக்கிறாங்களே?”

“அவங்க என்ன கொடுத்திடுவாங்க? எங்கிட்ட இருக்கிற அத்திப்பழம் அத்தனையும் தர்றேன். இப்பவே!”

“அப்புறம் வேண்டாம்னு சொல்ல மாட்டீங்களே?”

“நல்லசாமியைப் பார்த்தா அந்தக் கேள்வி?”

மத்தியானத்துக்குள் பழம் முழுவதும் வந்து சேர்ந்தது. மூக்கையன் அதை அதே மரத்தில் கீழே இருந்த இன்னொரு பொந்தில் பத்திரமாக அடுக்கினான். நல்லசாமி பொட்டலங்களைச் சுமந்துகொண்டு பாட்டுப் பாடியபடியே போனான். சாயங்காலத்துக்குள் கனகவல்லி தாராளமாகப் பொந்துக்குள் உட்கார்ந்தாள். வாசலும் அடைபட்டது.

மறுநாள் காலையில் கீற்றுக்கு எதிரே ஒரு கிளை ஆடியது. நல்லசாமி மூச்சிரைக்க அடிமரத்தில் ஏறி, அந்தக் கிளையில் தொற்றிக்கொண்டிருந்தான். கழுத்தில் மணி தொங்கியது.

“தங்கச்சி! இதெல்லாம் என் கடைச் சாமான்!”

“பெரிய கடைச் சரக்குன்னு எழுதித்தானே வச்சிருந்தேன்?”

“திருப்பி எடுத்துக்கோ!”

“உங்க பலகையிலே என்ன அண்ணாச்சி எழுதியிருக்கு?”

நல்லசாமியின் முகம் தொங்கியது. ஆனால் கடைக்காரன் கடைக்காரன்தானே! கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மலர்ந்தது. மடியிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்தான்.

“போகட்டும் விடு. உன் மூக்கு மட்டும்தான் இப்போ வெளியே தெரியுது. அதுக்கேத்த மூக்குத்தி. உனக்குன்னா பாதி விலை.”

கீற்றில் இருந்த மஞ்சள் மூக்கு அசையாமல் நின்றது. பழத்தோடு வந்த மூக்கையன் அதைப் பார்த்துவிட்டான்.

உள்ளே, கனகவல்லியின் வயிற்றுக்கடியில் ஒரு வெள்ளை முட்டை கதகதப்பாக இருந்தது.

“அண்ணாச்சி, அதைக் குஞ்சு தின்னுமா?”

“மூக்குத்தியையா? தின்னாது.”

“அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் வீட்டுக்காரர் பழம் வச்சுக்கிட்டு நிக்கிறார்.”

நீதி: தேவையில்லாததை எத்தனை மலிவாக வாங்கினாலும் அது மிச்சம் ஆகாது.