முகடு ஏறிய கூஜா

கால் இல்லாதவற்றால் மலையேற முடியாது என்று நன்கு படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது கடுமையான பிழை. இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை. மலைக்கே கால் கிடையாது. இருந்தும் அது அவ்வளவு உயரம் போயிருக்கிறது.

ஆகவே, முன்பு ஒரு வீட்டின் கதவுக்குப் பின்னால் குடியிருந்த கைத்தடி, குடை, டார்ச் விளக்கு, பித்தளைக் கூஜா ஆகிய நான்கு நண்பர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறக் கிளம்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கைத்தடிதான் தலைவர். வழி தெரியும் என்பதால் அல்ல. நிமிர்ந்து நின்றால் பார்ப்பதற்குத் தலைவர் மாதிரி இருக்கும் என்பதால்.

"பகல்ல போறதுக்கு டார்ச் எதுக்கு?" என்று குடை கேட்டது.

"யோசனை சொல்ல ஒருத்தர் வேணாமா?" என்றது டார்ச்.

தண்ணீருக்குக் கூஜா. கூஜா தூக்குகிறவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசும். கூஜாவிடம் போய் உனக்கு எப்படியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அது போகாத ரயில் பயணம் கிடையாது. ஆனால் பார்த்ததெல்லாம் இருக்கையின் அடிப்பக்கம்தான். ஆறு வருகிறது, பாலம் வருகிறது என்று மேலே இருந்தவர்கள் ஜன்னலோரம் கூவியதைக் காதால் கேட்டதோடு சரி. இந்த மலையின் முகட்டில் ஏறி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது தானே பார்த்துவிட வேண்டும் என்பது அதன் ஆசை.

"மத்தியானம் மேகம் மூடிடும்," என்று கைத்தடி கிளம்பும்போதே எச்சரித்தது. "அதுக்குள்ள உச்சிக்குப் போனாத்தான் அந்தப் பக்கம் தெரியும். ஆனா ஒண்ணு. நம்ம குழுவுல யாரையும் விட்டுட்டுப் போறதில்ல. முன்னால போறவங்க நின்னு கூட்டிக்கிட்டுத்தான் போகணும். அதுதான் முறை."

கூஜா நெகிழ்ந்துபோனது. வாய்வரை நிரம்பியிருந்ததால் கொஞ்சம் ததும்பவும் செய்தது.

பாதை மலையின் விளிம்போடு செங்குத்தாக ஏறியது. ஒரு பக்கம் புல், மறு பக்கம் பள்ளம். கைத்தடி டொக் டொக்கென்று முன்னால் போனது. குடை நுனியை ஊன்றி ஊன்றிப் பின்தொடர்ந்தது. டார்ச், அவை இரண்டின் நிழலும் விழுகிற இடமாகப் பார்த்து நடந்தது. கூஜாவுக்கு ஒவ்வோர் எட்டிலும் உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் சாயும். அதைச் சரிக்கட்ட, தான் மறு பக்கம் சாய வேண்டும். அதற்குள் முன்னால் போனவை வளைவில் மறைந்துவிடும்.

ஒரு தட்டைப் பாறையில் மூன்றும் உட்கார்ந்திருந்தன. கூஜா மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"வா அக்கா, உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம்," என்றது குடை.

மூன்றும் தண்ணீர் குடித்தன. (குடையின் மேல் விழும் தண்ணீர் வேறு, குடை குடிக்கும் தண்ணீர் வேறு.) குடித்ததும் கைத்தடி எழுந்தது.

"எல்லாரும் வந்தாச்சு. போகலாமா?"

இது கேள்வி போலத்தான் இருக்கும். பதிலுக்கு யாரும் நிற்பதில்லை. கூஜா தன் மூடியைத் திருகி முடிப்பதற்குள் மூன்றும் போய்விட்டன.

அடுத்த பாறையிலும் அப்படியே. மூன்றும் உடம்பை நீட்டி, ஊர்க்கதை பேசி, ஒரு சின்னத் தூக்கமும் போட்டிருந்தன. கூஜா வந்தது. குடித்தன. எழுந்தன.

"உன் பாரத்தையும் குறைச்சாச்சு," என்றது டார்ச். "இவ்வளவு நேரம் உட்கார்ந்தும் உனக்கு இன்னும் மூச்சு வாங்குதே."

"யாரு உட்கார்ந்தது?"

"நாமதான்," என்றது டார்ச்.

"தப்பா எடுத்துக்காதக்கா," என்றது குடை. "மேகம் முந்திக்கிச்சுன்னா அது உன்னாலதான். சொல்லிட்டேன்."

கூஜா மன்னிப்புக் கேட்டது. கேட்டுவிட்டு, தன் உருண்டை வயிற்றை நொந்தபடி நடந்தது.

உச்சி கண்ணில் படுகிற தூரத்துக்கு வந்தாயிற்று. தொலைவில் மேகமும் கிளம்பியிருந்தது. மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம், நண்பர்களின் குரல் கேட்டது.

"கூஜா வந்ததும் கிளம்பிடணும்," என்றது கைத்தடி. "இங்க யாரும் உட்காரக் கூடாது."

"ஆமா, தேவையான அளவு உட்கார்ந்தாச்சு," என்றது டார்ச்.

கூஜா அப்படியே நின்றது. வந்ததும் கிளம்புவார்கள். அப்படியென்றால், வராதவரைக்கும் கிளம்ப மாட்டார்கள். இவ்வளவு சின்ன விஷயம் தன் பித்தளை மண்டைக்கு எட்ட இவ்வளவு ஏற்றம் தேவைப்பட்டிருக்கிறது. கூஜா வளைவுக்குக் கீழேயே, புல்லில் உட்கார்ந்தது.

"கூஜாக்கா, வர்றியா?" என்று குடை மேலிருந்து குரல் கொடுத்தது.

"வந்துக்கிட்டே இருக்கேன்," என்றது கூஜா, உட்கார்ந்தபடி.

"எங்க இருக்கே?"

"பக்கத்துலதான்."

இதில் பொய் பாதிதான். உள்ளே தண்ணீரின் ஆட்டம் அடங்கியது. மூச்சு சீரானது. மேகம் நெருங்குவதைக் கூஜா பார்த்துக்கொண்டேதான் இருந்தது. அதற்குப் பயமும் இருந்தது. ஆனாலும் மூச்சு முழுக்கத் திரும்பும்வரை எழவில்லை. எழுந்தபோது நடை வேறாக இருந்தது.

மூன்றும் இருந்த பாறைக்கு வந்தது. நிற்கவில்லை.

"எல்லாரும் வந்தாச்சு. போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே கடந்துபோனது.

"அக்கா, தண்ணி."

"மேல வந்து குடிங்க."

நிழலுக்காக விரிந்திருந்த குடை மடங்குவதற்குள், தூங்கிப்போயிருந்த டார்ச்சைக் கைத்தடி தட்டி எழுப்புவதற்குள், கூஜா அடுத்த வளைவையும் தாண்டியிருந்தது.

முகட்டின் அந்தப் பக்கம் ஓர் ஏரி இருந்தது. கரையில் ஒரு செங்கல் சூளை, அதன் மேல் புகை. வேலியில் யாரோ காயப்போட்டிருந்த மஞ்சள் சேலை, விரல்நகம் அளவுக்கு. பிரமாதம் என்று சொல்ல எதுவுமில்லை. கூஜா இமைக்காமல் பார்த்தது. சேலையை எடுக்க ஒரு பெண் வந்தாள். அவள் அதை மடித்து முடிப்பதற்குள் மேகம் ஏரியை மூடியது, சூளையை மூடியது, அவளையும் மூடியது.

மற்ற மூன்றும் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தபோது எதிரே வெறும் வெள்ளைதான் இருந்தது.

"என்ன தெரிஞ்சுது?" என்று குடை கேட்டது.

கூஜா சொன்னது. மூன்றும் கேட்டுக்கொண்டன.

"முறைன்னு ஒண்ணு இருக்கு," என்றது கைத்தடி, தொண்டை வறள. "முன்னால போறவங்க காத்திருக்கணும்."

"காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றது கூஜா. மூடியைத் திறந்து மூன்றுக்கும் தண்ணீர் கொடுத்தது. பிறகு, கைத்தடி கிளம்பப்போனதைப் பார்த்து, "உட்காருங்க அண்ணே," என்றது. "நான் உட்கார்ந்தாச்சு. உங்களுக்கு மூச்சு அடங்கட்டும், அப்புறம் இறங்கலாம்."

கைத்தடிக்கு இது அவமானமாகப் பட்டது. ஆனாலும் உட்கார்ந்தது.

அடுத்த மலையேற்றத்துக்கு மூன்றும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டன. கூஜாவுக்குச் சொல்லவில்லை. அன்று கடைசியாக வந்தது டார்ச். அது முதல் பாறையை எட்டியபோது கைத்தடியும் குடையும் எழுந்து நின்றுகொண்டிருந்தன.